திறப்பதா, துடைப்பதா?

சில விளம்பர மெயில்களைத் தேடிப் படிக்கிறோம். பலவற்றைப் பார்க்காமலே அழிக்கிறோம். இரண்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? 1978-ல் தொடங்கிய கதை இது. இன்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு மெயில் வரும். அனுப்புவது ஒரு சிறு பதிப்பகம். அதில் படம் கிடையாது, கலர் கிடையாது. தங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் அரங்கின் எண், புதிதாக வந்த நான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு வரி, விலை. கடைசியில் அனுப்பியவரின் பெயர். அவ்வளவுதான். அதை விளம்பரம் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் அது விளம்பரம்தான். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுதான் ஒவ்வோர் ஆண்டும் அந்த அரங்கைத் தேடிப் போகிறேன்.

இன்னொன்று ஒரு துணிக்கடை. ஒரே ஒருமுறை சட்டை வாங்கினேன். பில் போடும் இடத்தில், "போன் நம்பர் சொல்லுங்க சார், மெயில் ஐடி சொல்லுங்க சார்" என்று கேட்டார்கள். பின்னால் வரிசை காத்திருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது. திங்கட்கிழமை "இன்றே கடைசி" என்று வரும். செவ்வாய்க்கிழமையும் "இன்றே கடைசி" என்றே வரும். நிறுத்தச் சொல்லலாம் என்று அடியில் இருந்த பொடி எழுத்தை அழுத்தினால், "லாகின் செய்யவும்" என்றது. நான் அங்கே கணக்கே தொடங்கியதில்லை. அதன் பிறகு அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை.

இரண்டும் வந்தது ஒரே இன்பாக்ஸுக்கு. ஒன்று என்னைக் கடைக்குக் கூட்டிப்போனது, மற்றது கடையை விட்டே விரட்டியது. இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள, முதல் விளம்பர மெயிலில் இருந்தே தொடங்க வேண்டும்.

நானூறு பேருக்குப் போன முதல் மெயில்

1978 மே 3. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'ஆர்ப்பாநெட்' வலையமைப்பில் இணைந்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். இன்றைய இன்டர்நெட்டுக்கு அதுதான் முன்னோடி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், புதிய டெக்சிஸ்டம்-20 கம்ப்யூட்டர்களைக் கலிஃபோர்னியாவில் இரண்டு ஊர்களில் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை. அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து ஏறத்தாழ 400 முகவரிகளைத் தட்டச்சு செய்யவைத்து, எல்லோருக்கும் ஒரே மெயிலாக அனுப்பினார்.

அன்றைய மென்பொருளால் அத்தனை முகவரிகளைத் தாங்க முடியவில்லை. மிஞ்சிய முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. அந்த நீளமான பட்டியலைத் தாண்டினால்தான் விஷயத்தைப் படிக்க முடியும். விஷயம் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. புகார்கள் குவிந்தன. அரசு வேலைக்கான வலையமைப்பில் வியாபாரமா என்று நிர்வாகம் கண்டித்தது.

ஆனால் அந்த மெயிலால் விற்பனை நடந்தது. பின்னாளில் துர்க் சொன்ன கணக்கின்படி, சுமார் 1.3 கோடி டாலர் மதிப்புக்குக் கம்ப்யூட்டர்கள் விற்றன. பெற்றவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரோடு புழங்கியவர்கள். அந்த இயந்திரமோ ஆர்ப்பாநெட்டோடு இணையக்கூடியது. தேவை இருந்த இடத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. கேட்காமல் வந்தது என்ற எரிச்சலும் கூடவே பிறந்தது. இந்த இரண்டு குணங்களையும் விளம்பர மெயில் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

நண்பரின் கடிதத்தோடு வந்த ஒரு வரி

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1996 ஜூலை 4-ல், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பெரிய விளம்பரத்துக்குக் கையில் பணம் இல்லை. முதலீட்டாளர் டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார். ஹாட்மெயிலிலிருந்து யார் யாருக்கு மெயில் அனுப்பினாலும், அதன் அடியில் ஒரு வரி தானாகச் சேர வேண்டும்: உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா, ஹாட்மெயிலுக்கு வாருங்கள்.

ஒன்றரை ஆண்டுக்குள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்த ஒரு வரிக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது? அது தெரிந்தவரின் கடிதத்தோடு வந்தது. கையில் இருக்கும் கடிதமே, 'இது வேலை செய்கிறது' என்பதற்குச் சாட்சி. சொன்னது ஒரே விஷயம், செய்யச் சொன்னதும் ஒரே காரியம். படிக்க வந்ததைப் படித்து முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. யாருடைய வேலைக்கும் அது குறுக்கே வரவில்லை.

35 கோடி மெயில், 28 பேர்

நேர் எதிர்த் துருவத்தையும் பார்த்துவிடுவோம். 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். 'ஸ்டார்ம்' என்ற வைரஸ் தொற்றிய கம்ப்யூட்டர் கூட்டத்துக்குள் ஊடுருவி, அது அனுப்பும் குப்பை மெயில்களில் ஒரு பகுதியைத் தாங்கள் அமைத்த போலி மருந்துக்கடைத் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். யாரிடமும் பணம் வாங்கவில்லை. வாங்கும் கட்டம் வரை யார் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணினார்கள்.

26 நாட்கள். கிட்டத்தட்ட 35 கோடி மெயில்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். கணக்குப் போட்டால், ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒருவர்!

இருந்தும் குப்பை மெயில் ஏன் ஓயவில்லை? அனுப்புகிறவருக்குச் செலவு இல்லை, அதனால்தான். தெருமுனையில் நோட்டீஸ் கொடுக்கிற கடைக்காரர் காகிதத்துக்கும் அச்சுக்கும் கூலிக்கும் காசு கொடுக்கிறார். அதனால், யாருக்குக் கொடுத்தால் பயன் என்று யோசிக்கிறார். மெயிலில் அந்தச் செலவு படிப்பவர் தலையில் விழுகிறது. நம்முடைய நேரமும் கவனமும்தான் அந்தத் தபால் தலை. இதைப் புரிந்துகொண்ட வியாபாரிக்கு நல்ல மெயில் எழுத வரும். புரிந்துகொள்ளாதவர் ஒன்றேகால் கோடியில் ஒருவரைத் தேடிக்கொண்டே இருப்பார்.

அமெரிக்க மார்க்கெட்டிங் எழுத்தாளர் சேத் கோடின் இதைத்தான் 1999-ல் 'பெர்மிஷன் மார்க்கெட்டிங்' என்ற நூலாக எழுதினார். எதிர்பார்த்திருக்கும் ஆளுக்கு, அவருக்கென்றே, அவருக்குத் தேவையானதைச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். நமக்கு இது புதிதில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பத்திரிகை வைத்து அழைப்பவரின் கல்யாணத்துக்கு எப்படியாவது போய்விடுகிறோம். பேருந்து நிறுத்தத்தில் பார்த்து 'நீயும் வந்துடு' என்றவரின் கல்யாணத் தேதி நினைவில் நிற்பதில்லை.

எழுதியவர்களின் கணிப்பு தோற்ற இடம்

சரி, அனுமதியோடுதான் அனுப்புகிறோம். எப்படி எழுதுவது? இதற்கு நல்ல பாடம் ஒரு தேர்தலில் கிடைத்தது. 2012-ல் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு இன்டர்நெட் வழியே சுமார் 69 கோடி டாலர் திரட்டியது. அதில் பெரும்பங்கு மெயிலால் வந்தது. மெயில் எழுதவே 20 பேர் கொண்ட அணி இருந்தது.

ஒரே கடிதத்துக்குச் சில நேரம் 18 வடிவங்கள் வரை எழுதினார்கள். ஒவ்வொன்றையும் ஆதரவாளர்களில் ஒரு சிறு பகுதிக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். எது அதிக நன்கொடை கொண்டுவருகிறதோ, அது மட்டும் மற்ற எல்லோருக்கும் போகும். அப்படி ஜெயித்த ஒரு தலைப்பு, 'என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறார்கள்' என்ற பொருளில் இருந்தது. அந்த ஒரு மெயில் 26 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. அதே கடிதத்துக்குச் சோதித்ததில் கடைசி இடம் பிடித்த தலைப்பைப் போட்டிருந்தால், கிடைத்திருப்பது சுமார் 4 லட்சம் டாலர்தான் என்று அவர்களே கணக்கிட்டார்கள். மாறியது தலைப்பு. வித்தியாசம் ஆறு மடங்குக்கு மேல்.

எது ஜெயிக்கும் என்பதில் அந்த அணியினரின் கணிப்பு அடிக்கடி தவறிப்போனது. 'ஹேய்' என்ற ஒற்றைச் சொல் தலைப்பு பிரமாதமாக வேலை செய்தது. அழகாக வடிவமைத்த கடிதத்தைவிட, மஞ்சள் கலர் பூசிய சுமாரான கடிதம் சில நேரம் அதிகம் ஈட்டியது. புதுமை போனதும் அந்த மஞ்சளும் வேலை செய்யவில்லை.

இதிலிருந்து 'ஹேய்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் ஒபாமாவின் ஆதரவாளர்கள், தாங்களாக வந்து மெயில் ஐடி கொடுத்தவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்தவரின் குரலாகக் கேட்டது. முன்பின் தெரியாத கடை அதே சொல்லைத் தலைப்பில் வைத்தால், 'யார் இது?' என்ற சந்தேகம்தான் வரும்.

வினைச்சொல்லை வெட்டும் போன்

தமிழில் மெயில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போனில் மெயில் பார்க்கும்போது, தலைப்பில் முதல் முப்பது, நாற்பது எழுத்துதான் தெரியும். மீதி வெட்டுப்படும். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் உட்கார்ந்திருக்கும். 'தீபாவளித் திருநாளை முன்னிட்டு எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு' என்று தொடங்கினால், என்ன கொடுக்கிறார்கள் என்பது தெரிவதற்குள் வரி முடிந்துவிடும். 'பட்டுப் புடவை: வெள்ளி வரை 20% தள்ளுபடி' என்றால் எல்லாமே கண்ணில் படும்.

இந்தக் கலை நமக்குத் தெரியும். டீக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகை வால்போஸ்டர்களைப் பாருங்கள். நடந்துபோகிறவர் நிற்காமலே படித்துவிடலாம். பெயர் முன்னால், சேதி பின்னால். மெயில் தலைப்பையும் அப்படி எழுத வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: போஸ்டரில் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே வேறொன்று இருந்தால் அடுத்த நாள் பத்திரிகை விற்காது. 'உங்கள் ஆர்டர் பற்றி' என்று தலைப்பிட்டு உள்ளே தள்ளுபடி விளம்பரம் வைப்பதும், அனுப்பாத மெயிலுக்குப் பதில் வந்ததுபோல 'ரீ:' போடுவதும் ஒருமுறை பலிக்கும். அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்த்ததுமே விரல் அழித்துவிடும்.

தலைப்புக்கும் முன்னால் கண் போவது அனுப்பியவர் பெயருக்கு. 'நோ ரிப்ளை' என்ற முகவரியிலிருந்து வரும் மெயில், 'நாங்கள் பேசுவோம், நீங்கள் பேசக்கூடாது' என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறது. பதில் போட்டால் ஒரு மனிதர் படிப்பார் என்ற நம்பிக்கையைச் சிறு கடையால் எளிதாகத் தர முடியும். பெரிய நிறுவனங்களிடம் இல்லாத அனுகூலம் அது.

உள்ளே ஒரே விஷயம் இருக்கட்டும். பத்துப் பொருளைக் காட்டி, பத்து இடத்தில் அழுத்தச் சொன்னால், படிப்பவர் எதையும் அழுத்த மாட்டார். நம் ஊர்க் கடைகளில் பல, தீபாவளி நோட்டீஸை அப்படியே படமாக ஒட்டி அனுப்புகின்றன. படம் திறக்கவில்லை என்றால் வெறும் கட்டம்தான் தெரியும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற வாசகரின் போன், படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசித்துக் காட்டத் திணறும். தொண்ணூறுகளில் தமிழில் மெயில் அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. தமிழை எழுத்தாகவே அனுப்பலாம்.

காலமும் முக்கியம். ஆடித் தள்ளுபடி மெயில் ஆடி பிறப்பதற்கு முன் வர வேண்டும். பள்ளிப் பை விளம்பரம் ஜூலையில் வந்து பயனில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியவருக்கு மறுநாளே அதே ஃபிரிட்ஜை விற்கும் மெயில் வந்தால், 'என்னை நீ பார்க்கவே இல்லை' என்றுதான் அவர் நினைப்பார். தலையில் அவர் பெயரைப் போட்டிருந்தாலும் அதுதான் நிலைமை.

ஆயிரத்தில் மூன்று பேர்

இவ்வளவும் செய்தாலும், மெயில் நம் கண்ணுக்கு வரும் முன் ஒரு காவலைத் தாண்ட வேண்டும். 2004-ல் டாவோஸில் பேசிய பில் கேட்ஸ், இரண்டே ஆண்டில் 'ஸ்பாம்' எனும் குப்பை மெயில் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். தீரவில்லை. ஆனால் காவல் பலமானது. 2013-ல் ஜிமெயில் விளம்பரங்களுக்கென்று 'ப்ரமோஷன்ஸ்' என்ற தனி அறை கட்டியது. 2021-ல் ஆப்பிள் நிறுவனம், ஒரு மெயிலை யார் திறந்தார்கள் என்று ஒளிந்திருந்து பார்க்கும் புள்ளியளவு படங்களின் கண்ணைக் கட்டியது. 'இத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள்' என்று பெருமைப்படும் அறிக்கைகளை அன்றிலிருந்து முழுதாக நம்ப முடியாது.

பெரிய மாற்றம் 2024 பிப்ரவரியில் வந்தது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு கூகுள் நிபந்தனைகள் விதித்தது. யாஹூவும் கிட்டத்தட்ட அதே விதிகளைக் கொண்டுவந்தது. அனுப்புகிறவர் தான்தான் அனுப்புகிறேன் என்பதை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற தொழில்நுட்ப முத்திரைகளால் நிரூபிக்க வேண்டும். வேண்டாம் என்பவர் ஒரே அழுத்தலில் விலக வழி வேண்டும். விலகியவரின் பெயரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். 'இது ஸ்பாம்' என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது.

0.3 சதவீதம் என்றால் ஆயிரத்தில் மூன்று பேர். ஆயிரம் பேருக்கு மெயில் போய், மூன்று பேர் 'ஸ்பாம்' பொத்தானை அழுத்தினால், மற்ற 997 பேருக்கும் அந்த நிறுவனத்தின் மெயில் போய்ச் சேர்வது சிக்கலாகும். 'லாகின் செய்துவிட்டு விலகு' என்று வாசலை அடைக்கிற கடை, வாடிக்கையாளரை நேராக இந்தப் பொத்தானிடம்தான் அனுப்பிவைக்கிறது. விலகுகிறவர் ஒரு பெயர் குறைவதோடு நின்றுவிடுவார். ஸ்பாம் என்று அழுத்துகிறவர் கடையின் பெயரைக் கெடுத்துவிட்டுப் போவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், பொய்யான தலைப்பைத் தடுக்கிறது. அனுப்புகிறவர் தபால் முகவரியைக் குறிப்பிட வேண்டும், விலகக் கேட்டால் பத்து வேலை நாளில் நீக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் விளம்பர அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் 1909 என்ற எண்ணில் தடை பதியலாம். மெயில் அதற்குள் வராது. ஸ்பாம் மெயிலுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை.

ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு நல்ல கோட்பாடுகளை எழுதிவைத்திருக்கிறது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் வாசகத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கவும் வழி வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. பில் கவுன்ட்டரில் அவசரமாக வாங்கும் மெயில் ஐடி, இந்த அளவுகோலில் தேறாது.

வாசகர்களுக்கு

* தெரிந்த கடையின் மெயில் வேண்டாம் என்றால் 'அன்சப்ஸ்க்ரைப்' அழுத்துங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால், உள்ளே இருக்கும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். நேராக 'ஸ்பாம்' என்று புகார் செய்யுங்கள்.

* அனுப்பியவர் பெயரை மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் இருக்கும் முகவரியையும் பாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

* ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின், '@' குறிக்கு முன், ஒரு '+' குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வேறு யாராவது அனுப்பினால், யார் வழியாகக் கசிந்தது என்று தெரிந்துவிடும்.

* பில் போடுமிடத்தில் மெயில் ஐடி கேட்டால், 'எதற்கு?' என்று கேளுங்கள். பொருள் வாங்க அது கட்டாயமில்லை.

கடைக்காரர்களுக்கு

உங்கள் பட்டியலில் 300 பேர்தான் இருக்கிறார்களா? போதும். கேட்டு வாங்கிய 300 பெயர், காசுக்கு வாங்கிய மூன்று லட்சம் பெயரைவிடப் பெரிய சொத்து. அவர்களுக்குச் சொல்ல உண்மையில் ஏதாவது இருக்கும்போது மட்டும் எழுதுங்கள். 'இன்றே கடைசி' என்றால் அது கடைசியாகவே இருக்கட்டும். தமிழில் எழுதுங்கள், உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள், பதில் வந்தால் படியுங்கள். விலகும் பொத்தானைப் பெரிதாக வையுங்கள். அதைப் பார்த்த பிறகும் உங்களோடு இருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரிச்சலோடு அழித்துவிட்டு நகராதீர்கள். அழிப்பதால் அனுப்புகிறவருக்கு எந்தச் சேதியும் போவதில்லை. இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, வேண்டாதவற்றிலிருந்து விலகுங்கள், ஏமாற்றுகிறவற்றைப் புகார் செய்யுங்கள், உங்களுக்குப் பயன்படும் இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தன் வழியைத் திருத்திக்கொள்ள ஆயிரத்தில் மூன்று பேர் போதும். அந்த மூவரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.